இரண்டு அணில்களும் ஒரு துப்பாக்கியும்

அணிலைப் பற்றிக் கதை எழுதுவது சுலபம். பெரிய கண்கள், பஞ்சு போன்ற வால், முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக்கொண்டு கொட்டையைக் கொறிக்கும் பாவனை, இவ்வளவும் ஆண்டவனே வரைந்து கொடுத்துவிட்ட சித்திரம். எழுத்தாளன் ஒரு பெயர் சூட்டிவிட்டால் போதும். பாத்திரம் தானாக நடமாடத் தொடங்கிவிடும். ஆனால் அந்த அணிலைச் சுடுவதற்காக மரத்தடியில் மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பற்றிக் கதை எழுத வேண்டுமானால்? அதிலும், அவன் கொடியவன் அல்ல, காட்டை நேசிக்கிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நம்மில் பலருடைய பேனா தயங்கி நின்றுவிடும்.

இப்படிப்பட்ட மனிதர்கள் பிரிட்டனில் உண்மையாகவே இருக்கிறார்கள். விடியற்காலையில் காற்றுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். சாம்பல் நிற அணில்களைச் சுட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். சிலருக்கு அது பிழைப்பு; பலருக்கு அது சம்பளமில்லாத தொண்டு. தொண்டு என்ற சொல்லைப் படித்ததும் வாசகருக்கு ஒரு சங்கடம் ஏற்படுகிறதல்லவா? அந்தச் சங்கடத்தைத்தான் இங்கே விசாரிக்க விரும்புகிறேன். விசாரணைக்குச் சாட்சிகளாக இரண்டு குழந்தைப் புத்தகங்களை எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் பியட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் எழுதி, சித்திரமும் தாமே வரைந்தவை. ஒன்று 1903-ல் வெளிவந்த 'அணில் நட்கினின் கதை'. மற்றொன்று 1911-ல் வெளிவந்த 'டிம்மி டிப்டோஸின் கதை'. நட்கின் செவ்வணில், டிம்மி சாம்பல் அணில். ஒரே கை இரண்டையும் வரைந்தது. ஆனால் உண்மையான காட்டில் இந்த இருவரும் சேர்ந்து வாழ முடியாது.

மேலே போகுமுன் ஒரு விளக்கம் அவசியம். நம் கொல்லையில் கொய்யாப் பழத்தைக் கடித்துப் போடும் மூன்று வரி அணிலுக்கும் இந்த விவகாரத்துக்கும் சம்பந்தமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டில் 1988-ல் சரணாலயம் ஏற்படுத்தி நாம் காப்பாற்றிவருகிறோமே, அந்தச் சாம்பல் நிற மலையணிலும் வேறு பிராணி. பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வேண்டாம். இங்கே பேசப்படுவது அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளைப் பிறப்பிடமாகக் கொண்ட அணில். ஏறக்குறைய அரைக் கிலோ எடை. பிரிட்டனின் பூர்விகச் செவ்வணில் அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

முதலில் நட்கினைப் பார்ப்போம். ஏரியின் நடுவே ஒரு தீவு. அதில் ஒரு கிழட்டு ஆந்தை. இலையுதிர் காலத்தில் கரையிலுள்ள அணில்கள் சுள்ளிகளால் தெப்பம் கட்டி, வாலையே பாயாக விரித்து, கொட்டை பொறுக்கத் தீவுக்குப் போகின்றன. போகும்போது ஆந்தைக்குக் காணிக்கை உண்டு: ஒரு நாள் மூன்று கொழுத்த எலிகள், இன்னொரு நாள் தேன், கடைசி நாள் முட்டை. மற்ற அணில்கள் பணிவாகக் கும்பிட்டு அனுமதி கேட்கின்றன. நட்கின் மட்டும் வேலை செய்யாமல் ஆடிப் பாடி, விடுகதை போட்டு, ஆந்தையைச் சீண்டிக்கொண்டிருக்கிறது. ஆறாம் நாள் ஆந்தை அதைப் பிடித்துவிடுகிறது. தோலை உரிப்பதற்காக வாலைப் பிடித்துத் தூக்குகிறது. நட்கின் திமிறுகிறது, வால் அறுகிறது, உயிர் தப்புகிறது.

இது நல்ல கதை. நல்ல கதை என்று நான் சொல்வதற்குக் காரணம் அந்த ஆந்தை. பாட்டர் அம்மையார் ஆந்தையைச் சாதுவாக்கவில்லை, வில்லனாகவும் ஆக்கவில்லை. அது பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. பசித்தால் பிடிக்கும், உரிக்கும், தின்னும். தீவில் கொட்டை விளைகிறது என்பது எவ்வளவு உண்மையோ, அதே அளவுக்கு ஆந்தையும் உண்மை. இந்த உண்மை இருப்பதனால்தான் நட்கினுடைய குறும்பில் நமக்கு உயிர் இருக்கிறது. ஆபத்தே இல்லாத இடத்தில் குறும்புக்கு என்ன மதிப்பு?

இந்தக் கதை வெளிவந்த அதே 1903-ல் ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் பகுதியில் நில உடைமைக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஹைலண்ட் அணில் சங்கம் என்று பெயர். பெயரைக் கேட்டால் அணிலை வளர்க்கும் சங்கம் என்று தோன்றும். உண்மையில் அது செவ்வணிலைக் கொல்வதற்காக ஏற்பட்டது. பைன் மரத் தோட்டங்களை அணில்கள் பாழாக்குகின்றன என்பது குற்றச்சாட்டு. கொன்றவன் வாலைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். வாலுக்கு இவ்வளவு என்று பணம். அடுத்த முப்பது ஆண்டுகளில் பல்லாயிரக் கணக்கான வால்கள் வந்து குவிந்தன.

நட்கின் வாலை இழந்த வருஷமும் இந்தச் சங்கம் வாலுக்கு விலை வைத்த வருஷமும் ஒன்றாக அமைந்தது வெறும் தற்செயல்தான். ஆனாலும் விமரிசகன் இதைக் கவனிக்காமல் போகக்கூடாது. இன்று பிரிட்டனில் செவ்வணில் என்றால் உருகுகிறார்கள். தபால் அட்டையிலும் தேநீர்க் கோப்பையிலும் அதன் படம். 1981-ம் வருஷத்துச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு. அதே செவ்வணில் அன்று மரத்துக்குச் சத்துரு. தலைக்கு விலை வைக்கப்பட்ட குற்றவாளி. அணில் மாறவில்லை, அதன் எண்ணிக்கை மாறியிருக்கிறது. நிறைய இருந்தபோது பூச்சி புழுவோடு சேர்த்தார்கள். அருகிப்போனபின் செல்வமாகப் போற்றுகிறார்கள். மனிதனுடைய அன்பு எப்போதும் இப்படித்தான் கணக்குப் பார்த்து வருகிறது என்பதை ஒப்புக்கொண்டு மேலே போவோம்.

இப்போது டிம்மி. டிம்மியும் அவன் மனைவி குடியும் சேமிப்பில் கெட்டிக்காரர்கள். பட்ட மரம் ஒன்றின் பொந்தில் கொட்டைகளைக் கொட்டி நிரப்புகிறார்கள். மற்ற அணில்கள் தங்கள் கொட்டை திருடுபோனதாக நினைத்து, டிம்மியைத் துரத்திப் பிடித்து, ஒரு சின்னத் துவாரத்தின் வழியே மரத்துக்குள் திணித்துவிடுகின்றன. உள்ளே ஒரு வரியணில் அவனைக் கவனித்து, கொட்டை கொட்டையாக ஊட்டுகிறது. டிம்மி பெருத்துப் போகிறான். வந்த வழியே வெளியேற முடியவில்லை. கடைசியில் புயலடித்து மரத்தின் தலை முறிகிறது; டிம்மி வீடு திரும்புகிறான். குஞ்சுகள் பிறக்கின்றன. சேமிப்பறைக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு தம்பதிகள் சுகமாக வாழ்கிறார்கள்.

பாட்டர் அம்மையாரின் புத்தகங்களில் இது பலவீனமானது என்பது என் அபிப்பிராயம். அமெரிக்கக் குழந்தைகளை மனத்தில் கொண்டு எழுதியது. ஆகவே அமெரிக்க அணில், அமெரிக்க வரியணில், ஒரு கரடிகூட வந்து போகிறது. எழுதியவர் அறிந்த காடு இதில் இல்லை. நட்கினின் ஏரியைக் கண்ணால் காணலாம். அது வட இங்கிலாந்தின் டெர்வென்ட்வாட்டர். டிம்மியின் காடு எந்த ஊரிலும் இல்லை. ஆந்தையும் இல்லை. வருகிற கரடி யாரையும் தின்பதில்லை. குடும்பச் சண்டை, சமாதானம், பூட்டு, அவ்வளவுதான். குழந்தைப் புத்தகத்தை உயிரியல் பரீட்சைக்கு உட்படுத்துவது நியாயமல்ல என்று சொல்வீர்கள். நானும் அதைச் செய்யவில்லை. ஒரு கற்பனைக்குள் அதற்கே உரிய ஆபத்து இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். டிம்மியின் கதையில் அது இல்லை.

அந்த ஆபத்து புத்தகத்துக்கு வெளியே, இங்கிலாந்திலேயே, வளர்ந்துகொண்டிருந்தது. 1876-ல் செஷயரிலுள்ள ஹென்பரி பார்க் என்ற பண்ணையில் சில அமெரிக்கச் சாம்பல் அணில்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எதற்காக? பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக. 1890-ல் வோபர்ன் மாளிகையில் பெட்போர்டு பிரபு வரவழைத்து வளர்த்தார். அங்கிருந்து நண்பர்களின் தோட்டங்களுக்கும் பூங்காக்களுக்கும் பரிசாகப் போயின. பிரபுக்கள் மயிலும் மானும் வளர்ப்பது போல அணில் வளர்த்தார்கள். 1911-ல் டிம்மி அச்சாகி வந்தபோது அவனுடைய உண்மையான உறவினர்கள் இங்கிலாந்தின் பல மாவட்டங்களில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நடந்தது சரித்திரம். கேடு விளைவிக்கும் அயல்நாட்டுப் பிராணிகளுக்காக 1932-ல் ஒரு சட்டம் வந்தது. சாம்பல் அணிலை இறக்குமதி செய்வதும் வளர்ப்பதும் 1937-ல் தடை செய்யப்பட்டன. 1953-லிருந்து 1958 வரை அரசாங்கமே வாலுக்குப் பணம் கொடுத்தது. முதலில் ஒரு ஷில்லிங், பிறகு இரண்டு. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வால்கள் வந்தன. அணில் குறையவில்லை, திட்டத்தைக் கைவிட்டார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வாலுக்குக் கூலி என்றால், எங்கே சுலபமாகக் கிடைக்கிறதோ அங்கேதான் வேட்டைக்காரன் போவான். அடுத்த வருஷமும் வால் வேண்டுமே என்ற கவலையும் அவனுக்கு இருக்கும். 2018-ல் வெளியான மதிப்பீட்டின்படி பிரிட்டனில் சாம்பல் அணில்கள் சுமார் 27 லட்சம். செவ்வணில்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி ஸ்காட்லாந்தில். இங்கிலாந்தில் மட்டும் கணக்கெடுத்தால் நாற்பதாயிரத்தைத் தாண்டாது.

செவ்வணிலைச் சாம்பல் அணில் கடித்துக் கொன்றுவிடுவதில்லை. முதலாவது சங்கதி சாப்பாடு. ஓக் கொட்டையைச் சாம்பல் அணில் நன்றாக ஜீரணிக்கும். செவ்வணிலுக்கு அது அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. ஆகவே அகன்ற இலை மரக் காடுகளில் செவ்வணிலின் பந்தியே போய்விடுகிறது. இரண்டாவது, அம்மை. சாம்பல் அணில் தன் உடம்பில் ஒரு அம்மைக் கிருமியைச் சுமந்து திரிகிறது. அதற்குப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அதே கிருமி செவ்வணிலைத் தொற்றினால் கண்ணும் வாயும் புண்ணாகி, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் செத்துப்போகிறது. மூன்றாவது, மரம். வசந்தம் முதிர்ந்து கோடை வரும் மாதங்களில் சாம்பல் அணில் இளமரங்களின் பட்டையைப் பற்களால் உரித்து, அடியிலுள்ள இனிய சாற்றுப் பகுதியைச் சுவைக்கிறது. பீச், ஓக், சைக்கமோர் ஆகிய மரங்கள். பத்திலிருந்து நாற்பது வயது வரை உள்ளவை. தண்டைச் சுற்றி வளையமாகப் பட்டை போய்விட்டால் அதற்கு மேலே மரம் காய்ந்துவிடும். நட்டவன் தன் பேரனுக்காக நட்ட மரம் அது.

இப்போது மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் நம் மனிதனிடம் வருவோம். அவன் கையில் இருப்பது மெரினாவில் பலூன் சுடக் கொடுக்கிறார்களே, அந்த ஜாதித் துப்பாக்கியின் செம்மையான அண்ணன். வெடிமருந்து கிடையாது. அழுத்தி வைத்த காற்று, அல்லது ஒரு வில்சுருள், சின்ன ஈய ரவையைத் தள்ளி விடுகிறது. இங்கிலாந்தில் தனிச் சான்றிதழ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய காற்றுத் துப்பாக்கியின் சக்திக்குச் சட்டம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது: பன்னிரண்டு அடி-பவுண்டு. ஒரு பவுண்டு எடையைப் பன்னிரண்டு அடி தூக்கும் சக்தி என்று பொருள். ஸ்காட்லாந்தில் 2016-ன் கடைசி நாளிலிருந்து இதற்கும் உரிமம் வேண்டும்.

இந்தச் சிறிய சக்திதான் அந்த மனிதனுடைய ஒழுக்கத்தை நிர்ணயிக்கிறது. தூரத்திலிருந்து சுட முடியாது. முப்பது கஜத்துக்குள் வர வேண்டும். உடம்பில் எங்கே பட்டாலும் சரி என்று சுடக்கூடாது. அணில் காயத்தோடு பொந்துக்குள் புகுந்து அணு அணுவாகச் சாகும். மூளையில் பட வேண்டும். அந்த இலக்கு ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம்தான். ஆகவே அவன் முன்னதாகவே ஒரு மரத்தில் தீனிப் பெட்டி கட்டி, மக்காச்சோளம் போட்டு, அணில்களைப் பல நாட்கள் பழக்குகிறான். பிறகு ஒரு நாள் மறைந்திருந்து காத்திருக்கிறான். அணில் வந்து பெட்டியின் மூடியைத் தூக்கித் தின்னத் தொடங்கும்போது ஒரு விநாடி அசையாமல் இருக்கும். பின்னால் ரவையைத் தாங்க அடிமரம் இருக்கிறதா, வந்திருப்பது செவ்வணில் அல்லவே, கை நடுங்கவில்லையே என்று பார்த்துக்கொள்கிறான். ஒன்று சரியில்லை என்றாலும் விசையை அழுத்தக்கூடாது. சுடாமல் திரும்பும் காலைகள் பல.

இதில் நாவலாசிரியனுக்குரிய முள் ஒன்று இருக்கிறது. பட்டை உரிப்பு மிகுந்திருப்பது வசந்தத்துக்கும் கோடைக்கும் இடையில். அதற்கு முன்னும் அப்போதும் அணிலைக் குறைத்தால்தான் மரம் பிழைக்கும். ஆனால் கூட்டில் குஞ்சு இருக்கும் காலமும் அதேதான். சாம்பல் அணில் சாதாரணமாக வருஷத்துக்கு இரண்டு ஈற்று ஈனும். பால் கொடுக்கும் தாயைச் சுட்டால் மேலே கூட்டில் கண் திறக்காத குட்டிகள் பசியால் சாகும். மரத்துக்கு நல்ல மாதம் குட்டிக்குக் கெட்ட மாதம். துப்பாக்கி பிடித்தவன் இதை அறியாதவன் அல்ல. அவன் என்ன செய்கிறான்? ஒருவன் அந்த மாதங்களில் துப்பாக்கியைத் தொடுவதில்லை, மரத்தை இழக்கிறான். இன்னொருவன் சுடுகிறான், இரவில் தூக்கத்தை இழக்கிறான். எந்தச் சட்டப் புத்தகமும் இவர்களுக்குப் பதில் சொல்வதில்லை. இலக்கியமாவது சொல்ல வேண்டாமா?

'கூண்டு வைத்து உயிரோடு பிடித்து வேறு காட்டில் விட்டுவிடலாமே' என்று இளகிய மனமுள்ள வாசகர் கேட்கலாம். அந்த வழி அடைபட்டிருக்கிறது. பிடிபட்ட சாம்பல் அணிலை வெளியே விடுவது இன்று பிரிட்டனில் சட்டப்படி குற்றம். விட்டால், விட்ட இடத்துச் செவ்வணிலுக்கும் மரத்துக்கும் அதே கதிதான். பிடித்தவன் கொல்லத்தான் வேண்டும். இரக்கத்துக்கு ஒரு கதவு திறந்திருக்கும் என்று நாம் நம்பியிருக்கும் இடத்தில் சுவர் இருக்கிறது.

துப்பாக்கியின் பலத்தை மிகைப்படுத்துவதும் தவறு. ஒரு தோப்பைக் காலி செய்தால் பக்கத்துத் தோப்பிலிருந்து சில மாதங்களில் புதிய அணில்கள் குடியேறிவிடும். ஒருவன் சுட்டுப் பக்கத்துக்காரன் சும்மா இருந்தால் பயனில்லை. வேல்ஸ் கரையோரத்தில் ஆங்கிள்ஸி என்று ஒரு தீவு. அங்கே 1998-ல் தொடங்கி, பெரும்பாலும் கூண்டுப் பொறிகளைக் கொண்டு, பதினைந்து ஆண்டுகள் விடாமல் உழைத்து, சாம்பல் அணிலைத் துடைத்தார்கள். ஒரு சில டஜன்களாகக் குன்றியிருந்த செவ்வணில் பல நூறாகப் பெருகியது. தீவாக இருந்ததால் முடிந்தது. நிலப்பரப்பில் அது முடிவில்லாத காவல்.

இந்த விஷயத்தைப் பற்றி இதுவரை எழுதியவர்களிடம் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. துப்பாக்கிக்காரர்கள் எழுதும்போது சாவு என்ற சொல் மறைந்துவிடுகிறது. 'கட்டுப்பாடு' வருகிறது; 'நிர்வாகம்' வருகிறது; அன்று காலை எத்தனை என்ற கணக்கு வருகிறது. துப்பாக்கியின் அழகை இரண்டு பக்கம் வர்ணிப்பவர் அணிலுக்கு ஒரு வாக்கியம் ஒதுக்குவதில்லை. எதிர்க்கட்சியார் எழுதும்போது ஒரே ஓர் அணிலின் முகம் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. அம்மை கண்டு புண்ணான செவ்வணிலின் முகத்துக்கு அங்கே இடமில்லை.

இரு தரப்புக்கும் பொதுவான இன்னொரு பழக்கம் எனக்கு மேலும் கசக்கிறது. சாம்பல் அணிலை 'அந்நியன்', 'படையெடுத்தவன்', 'அமெரிக்க முரடன்' என்று ஏசுவதும், செவ்வணிலை நல்ல குடியில் பிறந்த மண்ணின் மைந்தனாகப் போற்றுவதும். சார்லஸ் எல்டன் என்ற உயிரியல் அறிஞர் 1958-ல் எழுதிய புகழ்பெற்ற நூலின் தலைப்பிலேயே படையெடுப்பு என்ற சொல் இருக்கிறது. அவர் அதை ஆராய்ச்சிக்காகப் பயன்படுத்தினார். பத்திரிகைகள் அதை வசைக்காகப் பயன்படுத்துகின்றன. அந்நியராட்சியை அனுபவித்த நாட்டில் பிறந்த வாசகன் இந்தச் சொல்லைக் கேட்டுப் புன்னகை செய்யாமல் இருக்க முடியாது. படையெடுத்தவன் கப்பலேறித் தானாக வருவான். இந்த அணிலைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். நம் வட நாட்டு ஐந்து வரி அணிலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குக் கொண்டுபோய், அது தப்பி, இன்று அங்கே தொல்லைப் பட்டியலில் இருக்கிறது. இந்த மண்ணில் கொஞ்சப்படும் பிராணி அந்த மண்ணில் பழி சுமக்கிறது. குற்றம் பிராணியின் ரத்தத்தில் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. சாம்பல் அணிலைச் சுட வேண்டியிருக்கலாம். திட்ட வேண்டிய அவசியம் எங்கே இருக்கிறது?

ஜார்ஜ் ஆர்வெல் 1936-ல் எழுதிய யானைக் கட்டுரை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரன், பின்னால் திரண்டு நிற்கும் கூட்டத்தின் முன் அசடாகிவிடக் கூடாது என்பதற்காக, மதம் தணிந்து புல் மேயும் யானையைச் சுடுகிறான். அந்த யானை அதற்கு முன் மிதித்துக் கொன்றவன் ஒரு திராவிடக் கூலி. அந்தச் சாவு தன் செயலுக்குச் சட்ட நியாயம் தந்ததற்காகச் சந்தோஷப்பட்டதாகவும் எழுதுபவன் ஒப்புக்கொள்கிறான். அந்தக் கட்டுரை நிலைத்து நிற்கக் காரணம் அதிலுள்ள கூட்டம். பிரிட்டிஷ் காட்டில் அணில் சுடுகிறவனுக்குக் கூட்டம் கிடையாது. கைதட்டுகிறவர் இல்லை, ஏசுகிறவரும் இல்லை. தவறிக் காயப்படுத்தினால் அவனுக்கும் அணிலுக்கும் மட்டுமே தெரியும். ஆகவே அவன் கதை ஆர்வெல்லின் கதையைவிட அமைதியானது. எழுதுவதற்கு அதைவிடக் கடினமானது.

அதை எழுதும் வழியைப் பாட்டர் அம்மையாரே காட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். 1902-ல் அவர் வெளியிட்ட 'பீட்டர் முயல்' புத்தகத்தின் தொடக்கத்திலேயே தாய்முயல் பிள்ளைகளை எச்சரிக்கிறது: பக்கத்துத் தோட்டத்துக்குப் போகாதீர்கள், உங்கள் அப்பாவைத் தோட்டக்காரரின் மனைவி பணியாரத்தில் வைத்துச் சுட்டுவிட்டாள். அழுகை இல்லை, உபதேசம் இல்லை. ஒரு குடும்பச் செய்தி போல வந்து போகிறது. அதைப் படித்த பிறகு பீட்டரின் நீலச் சட்டை நமக்கு வெறும் வேடிக்கையாக இருப்பதில்லை. பாட்டர் அம்மையார் பட்டணத்திலிருந்து காட்டைக் கனவு கண்டவர் அல்லர். 1905-ல் பண்ணை வாங்கினார்; ஆடு வளர்த்தார்; 1943-ல் இறந்தபோது நாலாயிரம் ஏக்கருக்கு மேல் நிலத்தை நாட்டுக்கென்று ஓர் அறக்கட்டளையிடம் விட்டுச் சென்றார். பிராணியை நேசிப்பதும் அதன் சாவைக் கணக்கில் வைப்பதும் அந்தப் பண்ணைக்காரிக்கு ஒரே நாளின் இரண்டு வேலைகள்.

நட்கினின் ஏரி இருக்கும் கம்பிரியா மாவட்டம் இங்கிலாந்தில் செவ்வணில் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் ஒன்று. மிஞ்சியிருப்பதற்குக் காரணம், அங்கே விடியற்காலையில் எழுந்து டிம்மியின் இனத்தாரைச் சுடும் மனிதர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் இரண்டு புத்தகத்தையும் ஒரே அலமாரியில் வைத்து இருவரையும் நேசிக்கலாம், நேசிக்கட்டும். வளர்ந்த வாசகன், ஒருவன் பிழைப்பதற்கு மற்றவனைச் சுட்டவன் யார் என்றும், அவன் என்ன நினைத்துக்கொண்டு வீடு திரும்பினான் என்றும் கேட்க வேண்டும்.

என்றாவது துப்பாக்கி ஓயுமா என்றால், நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. பைன் மார்ட்டென் என்று ஒரு பிராணி. மரமேறும் பெரிய கீரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் அதையும் ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அது மீண்டும் பெருகிய காடுகளில் சாம்பல் அணில் குறைந்து செவ்வணில் திரும்பி வருவதை 2014-லும் 2018-லும் வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டின. கருத்தடை மருந்து கலந்த தீனியைப் பற்றியும் ஆராய்ந்து வருகிறார்கள். மருந்து வருவது வரட்டும். என் மனத்தைத் தொடுவது மார்ட்டென்தான். நட்கினின் கதையிலிருந்த ஆந்தை, நாம் விரட்டியடித்த ஆந்தை, வேறு உருவத்தில் தன் தீவுக்குத் திரும்புகிறது. அது இல்லாத இடைக்காலத்தில் அதன் வேலையை மனிதன் தகரப் பெட்டியில் ஈய ரவையை வைத்துக்கொண்டு செய்துகொண்டிருக்கிறான்.

நாம் சேதுவுக்கு மணல் சுமந்த அணிலின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். முதுகில் விழுந்த மூன்று கோட்டைத் தடவிக் கொடுக்கும் கை நம்முடையது. அந்தக் கருணையைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் கருணைக்கு எண்ணத் தெரிய வேண்டும். இந்த அணிலுக்கு இரங்கும்போது, கண்ணில் படாத வேறு எத்தனை உயிர்கள் அந்த இரக்கத்துக்கு விலை கொடுக்கின்றன என்று அது கேட்க வேண்டும். அதேபோல எண்ணுகிறவனுக்குக் கண் வேண்டும். 27 லட்சத்தில் ஒன்று என்று எழுதும்போதும், தீனிப் பெட்டியின் மூடியைத் தூக்கும் அந்த ஒன்றை அவன் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டும் ஒரு கதை வந்தால், அதில் அணிலுக்குப் பெயர் இருக்கட்டும், துப்பாக்கி பிடித்தவனுக்கும் பெயர் இருக்கட்டும். அந்தக் கதைக்காகக் காத்திருக்கிறேன்.